இயங்கிக்கொண்டிருக்கும் மீன் கூண்டுப் பண்ணையை விரிவாக்க விண்ணப்பம் வந்தால், கடலோர மக்கள் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி | கரைவாசி

வணக்கம். கரையோரக் கடலில் சில ஆண்டுகளாக இயங்கிவரும் ஒரு மீன் கூண்டுப் பண்ணை, தன் அளவை இரண்டு மடங்காக்க அனுமதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இத்தனை ஆண்டுகளாகக் கடலுக்கு எந்தக் கேடும் வரவில்லை; அதே முறையில்தான் புதிய கூண்டுகளையும் நடத்தப்போகிறோம்" என்பது நிறுவனத்தின் வாதம். எதிர்ப்பவர்களிடம், முதல் பண்ணை வந்தபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று திருப்பிக் கேட்கிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் வெறும் அச்சத்தைச் சொல்லாமல், பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகளாக எவற்றை முன்வைக்கலாம்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 | நீரோட்டம்

முதல் பண்ணையால் கேடு நேரவில்லை என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், விரிவாக்கமும் கேடற்றது என்ற முடிவு அதிலிருந்து கிடைக்காது. விதிகள் பெரும்பாலும் ஒரு மீனுக்கு இவ்வளவு, ஒரு கூண்டுக்கு இவ்வளவு என்று எழுதப்படுகின்றன. கடலோ மொத்தத்தைத்தான் சுமக்கிறது.

மீனின் உடலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணியான கடற்பேன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நார்வேயில் ஒரு சால்மன் மீனுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இயற்கைச் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வாரங்களில் அது 0.2 ஆகக் குறைக்கப்படுகிறது. 10 லட்சம் மீன்கள் உள்ள பண்ணை இந்த 0.5 என்ற வரம்பைக் கறாராகக் கடைப்பிடித்தாலும், அங்கே 5 லட்சம் பெண் பேன்கள் வரை முட்டையிடலாம். மீன்களை 20 லட்சமாக்கினால், எந்த விதியையும் மீறாமலேயே பேன்கள் 10 லட்சமாகிவிடும். அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் பல கிலோமீட்டர் மிதந்து சென்று பண்ணைக்கு வெளியே உள்ள மீன்களைப் பற்றுகின்றன. இதை உணர்ந்துதான் 2017 முதல் நார்வே தன் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்து, இயற்கைச் சால்மனுக்குப் பேனால் விளையும் பாதிப்பைப் பொறுத்து ஒவ்வொரு மண்டலத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கிறது. பச்சையில் வளர்ச்சிக்கு இடமுண்டு; சிவப்பு விழுந்தால் உற்பத்தியைக் குறைக்க வேண்டும்.

கழிவிலும் இதே கணக்குதான். தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் மீனின் உடலில் தங்காமல் நீருக்கே போய்விடுகிறது. எஞ்சிய தீவனமும் மீன்களின் மலமும் கூண்டுக்கு அடியில் படிந்து அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன; படிவு மிகுந்தால் கடலடி கறுத்து, அதன் மேல் வெண்ணிறப் பாக்டீரியப் படலம் விரிகிறது. நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் இது ஓரளவு கலைந்துபோகும். வாய் குறுகிய விரிகுடாவில் போக வழியில்லை.

ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்தப் பண்ணையை மட்டுமல்லாமல், இதே நீரில் உள்ள எல்லாப் பண்ணைகளையும் ஆறுகள் கொண்டுவரும் கழிவையும் சேர்த்து, இந்தக் கடற்பகுதியின் தாங்குதிறன் எவ்வளவு என்று யார் கணக்கிட்டார்கள்?

மறுமொழி 2 | கூண்டுக்காரன்

நான் வளர்ப்புத் துறையில் இருப்பவன். எதிர்ப்பவர்களை எதிரிகளாகப் பார்ப்பவன் அல்லன். 2022ஆம் ஆண்டில் உலகின் நீர்வாழ் விலங்கு உற்பத்தியில் வளர்ப்பின் பங்கு முதன்முறையாகப் பிடிப்பை முந்தியது. இனி அது இல்லாமல் உலகின் மீன் தேவையை ஈடுகட்ட முடியாது. எல்லா வளர்ப்பையும் ஒரே தட்டில் வைக்கவும் வேண்டாம்: மட்டியும் கடற்பாசியும் வளர்க்கத் தீவனமே தேவையில்லை, அவை நீரில் உள்ள சத்துகளை எடுத்துக்கொண்டு வளர்கின்றன. ஊனுண்ணி மீன்களைக் கூண்டில் அடைத்துத் தீவனம் போடுவது முற்றிலும் வேறு விஷயம்.

நீரோட்டம் சொன்ன தாங்குதிறன் கணக்கை நேர்மையான பண்ணையாளர் யாரும் மறுக்க மாட்டார், ஏனென்றால் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சாவது எங்கள் மீன்கள்தான். இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்காணிப்புத் தரவை நிறுவனம் ஆண்டறிக்கையில் தொகுத்துத் தருவது போதாது. ஆக்சிஜன் அளவு, இறந்த மீன்களின் எண்ணிக்கை, பயன்படுத்திய மருந்துகள் ஆகிய மூன்றும் கூண்டு வாரியாக, அந்தந்த மாதமே பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கேடே இல்லை என்று சொல்பவர் அதைக் காட்டத் தயங்கக் காரணம் இல்லை.

மறுமொழி 3 | வலைக்காரர் மகள்

மேலே பேசிய இருவரும் நீரைப் பற்றிப் பேசினார்கள். நான் இடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வரைபடத்தில் கூண்டுகள் சில வட்டங்களாகத்தான் தெரியும். ஆனால் நங்கூரக் கயிறுகள் அந்த வட்டங்களைத் தாண்டி வெகுதூரம் சாய்வாக இறங்குகின்றன. அவற்றுக்கு மேல் செவுள்வலை விட முடியாது. பண்ணைக்குப் பாதுகாப்பாக அமைவது காற்று மறைவான, ஆழம் ஏற்ற நீர். சிறிய படகுகள் மோசமான பருவத்தில் நம்பியிருக்கும் இடமும் பெரும்பாலும் அதுவேதான். முதல் பண்ணை வந்தபோது மீனவர்கள் சற்றுத் தள்ளிப் போய் வலை விட்டார்கள், அதனால்தான் பேசவில்லை. இரண்டாம் முறை தள்ளிப் போக இடம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்து, வலைகளின் பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சைப்ரஸ் தீவருகே ஒரு சால்மன் பண்ணை உடைந்தது. நிறுவனம் முதலில் சில ஆயிரம் மீன்களே தப்பின என்றும், சூரிய கிரகணத்தையொட்டிய பெரிய ஓதமே காரணம் என்றும் சொன்னது. அரசு விசாரணையில் தப்பியவை இரண்டரை லட்சம் அளவில் இருக்கும் என்றும், மட்டியும் பாசியும் அப்பிக் கனத்த வலைகளை உரிய காலத்தில் சுத்தம் செய்யாததே நீரோட்டத்தின் இழுவையைக் கூட்டியது என்றும் தெரியவந்தது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம், அயல் இன மீன்களைக் கடல் கூண்டில் வளர்ப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் இயற்றியது.

இன்னொன்று. ஊர் மக்கள் அனைவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று காட்ட முயலாதீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பூர்வகுடிகளில் பலர் கூண்டுகளைக் கடுமையாக எதிர்க்க, சில சமூகங்கள் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து வேலையும் வருமானமும் பெற்றுவருகின்றன. நம் ஊரிலிருந்து பண்ணை வேலைக்குப் போகும் இளைஞர்களை எதிரணியில் தள்ளினால் கூட்டத்தில் முதலில் உடைவது நம் பக்கம்தான்.

கரைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எதிர்ப்பையும் மீறி அனுமதி கிடைத்துவிட்டால், உரிமத்தில் எந்த நிபந்தனைக்காக விடாப்பிடியாக நிற்க வேண்டும்?

மறுமொழி 4 | நீரோட்டம்

பின்வாங்கும் நிபந்தனைக்காக. கூட்டுவது எளிது, குறைப்பதுதான் கடினம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் உள்ள மக்குவாரி துறைமுகமே சான்று. அது குறுகிய வாயும் ஆழமான நடுப்பகுதியும் கொண்ட நீர்ப்பரப்பு. ஆற்று நன்னீர் மேலே மிதப்பதால் அடிநீர் எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. 2012இல் அங்கே சால்மன் வளர்ப்பைப் பெரிதாக விரிவாக்க அனுமதி தரப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அடிநீரில் ஆக்சிஜன் சரிந்தது; அனுமதித்த மொத்த மீன் எடையைப் பலமுறை குறைக்க வேண்டியதாயிற்று. அந்த நீரை நம்பி வாழும், அழிவின் விளிம்பில் உள்ள மாஜியன் திருக்கை மேலும் நலிந்தது. பழைய அனுமதியை மறுபரிசீலனை செய்யும் கோரிக்கை அரசின் முன் இருந்தபோது, வேலைவாய்ப்பைக் காட்டி, அத்தகைய மறுபரிசீலனைக்கு வரம்பிடும் சட்டத்தை ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2025 மார்ச்சில் நிறைவேற்றியது. ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பு ஒரு கூண்டில் கட்டப்பட்ட பிறகு எந்த அரசும் அதை அவிழ்க்கத் துணிவதில்லை.

ஆகவே மூன்றைக் கேளுங்கள். புதிய கூண்டு இறங்குவதற்கு முன்பே, எல்லாப் பருவங்களையும் உள்ளடக்கி, கடலடியையும் ஆக்சிஜனையும் நிறுவனம் சாராத ஒருவர் அளந்து பதிய வேண்டும். கூண்டுகள் ஒரே தவணையில் இறங்காமல், ஒவ்வொரு படியின் அளவீடும் வந்த பிறகே அடுத்த படி தொடங்க வேண்டும். ஆக்சிஜன் இந்த அளவுக்குக் கீழே போனால் இத்தனை டன் மீன் இத்தனை நாட்களுக்குள் எடுக்கப்படும் என்று எண்ணிக்கையோடு உரிமத்திலேயே எழுத வேண்டும். "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். அத்துடன், அகற்றும் செலவுக்கான வைப்புத்தொகையை நிறுவனம் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும்.