பொருள்: சதுரங்க ‘டிஃபென்ஸ்’ தடுப்பாட்டமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சதுரங்கத் தொடக்கங்களின் (ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல் முறைகளின்) பெயரில் வரும் ‘டிஃபென்ஸ்’ என்பதற்குத் தமிழில் ‘தடுப்பாட்டம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் சொல்லப்பட்டிருந்தது. சென்ற வாரம் வரை நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். சிங்கப்பூரில் 2024 நவம்பர் 25 அன்று நடந்த உலக வாகையர் போட்டியின் முதல் ஆட்டத்தில், வெள்ளைக் காய்களுடன் ஆடிய குகேஷைக் கறுப்புக் காய்களுடன் டிங் லிரென் ‘பிரெஞ்சு டிஃபென்ஸ்’ என்னும் தொடக்கத்தை ஆடி 42 நகர்த்தல்களில் வென்றதைப் பலகையில் வைத்துக் காட்டியபோது ஒரு சிறுமி கேட்டாள்: “தடுப்பாட்டம்னா கட்டை போடுறதுதானே அங்கிள், அப்புறம் எப்படி ஜெயிச்சார்?” கிரிக்கெட் வர்ணனையில் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

பிரெஞ்சில் கறுப்பு கட்டை போடுவதில்லை. இ6 கட்டத்தில் சிப்பாயை ஊன்றி, அடுத்து டி5, பிறகு சி5 என்று வெள்ளையின் நடுக்கட்டங்களை இடிக்கிறது. சி8 மந்திரி நெடுநேரம் அடைபட்டுக் கிடப்பதே அதிலுள்ள இடைஞ்சல். மேலும், ‘கிங்ஸ் இந்தியன்’ என்னும் மற்றொரு தொடக்க அமைப்பைக் கறுப்பு ஆடினால் ‘டிஃபென்ஸ்’, ஏறத்தாழ அதையே வெள்ளை ஆடினால் ‘அட்டாக்’. ஆகவே அச்சொல் ஆடுபவர் பக்கத்தைத்தான் குறிக்கிறது, ஆட்டத்தின் போக்கையன்று.

பழந்தமிழ்ப் போர் இலக்கணமான புறத்திணையில் எயில் (மதில்) காத்தல் நொச்சி, படையெடுத்து வந்தவனை எதிரூன்றல் காஞ்சி. ‘டிஃபென்ஸ்’ என்பதற்கு ‘அரண்’ எனலாம் என்ற மற்றொரு பரிந்துரை நொச்சியின் பக்கம் போகிறது. அரசனைக் காப்பாக ஒதுக்கும் ‘காஸ்லிங்’ நகர்த்தலான கோட்டை கட்டுதலோடும் குழம்பும். நமக்கு வேண்டியது வந்தவன்முன் காலூன்றி நிற்றல். எனவே ‘எதிரூன்றல்’ என முன்மொழிகிறேன்: பிரெஞ்சு எதிரூன்றல், சிசிலிய எதிரூன்றல். தொல்காப்பியக் காஞ்சி நிலையாமையைப் பேசுவது என்று யாரேனும் நினைவூட்டுவதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன். நான் கொள்வது, காஞ்சியை எதிரூன்றலாகச் சொல்லும் பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையின் வழக்கை. ‘எதிராட்டம்’ எளிதுதான், ஆனால் நடு ஆட்டத்தில் கறுப்பு தேடும் ‘கவுண்டர்பிளே’வுக்கு (எதிர்த்தாக்குதல் வாய்ப்புக்கு) அதை விட்டுவைக்கலாம்.

மறுமடல், டெல்லி கரோல் பாக்கிலிருந்து:

‘எதிரூன்றல்’ எனக்கு உடன்பாடே. 1834இல் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே தொடங்கிய அஞ்சல்வழிப் போட்டியில் பாரிஸ் அணி இந்தத் தொடக்கத்தை ஆடி வென்றதால்தான் பிரெஞ்சு என்ற பெயரே வந்தது. தடுப்பு என்பது அன்றைக்கே பொருந்தியிருக்காது. ஒரே ஐயம்: வினையாக்கும்போது ‘பிரெஞ்சு எதிரூன்றல் ஆடினார்’ என்பதா, ‘பிரெஞ்சில் எதிரூன்றினார்’ என்பதா? நான் பின்னதன் பக்கம்.