வரன் குறிப்பில் எடையைக் கேட்கிறார்கள்: என்ன சொல்வது?

கேள்வி (காரைக்குடி)
என் மகளுக்கு வயது 26; கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறாள். ஜாதகத்தோடு உயரத்தையும் எடையையும் எழுதித் தரும்படி தரகர் கேட்கிறார். தேவகோட்டையில் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில், அவள் இலையில் கந்தரப்பம் வைக்க வந்தவரை நெருங்கிய உறவினர் ஒருவர் தடுத்து, "அவளுக்கு வேண்டாம், இன்னும் பெருத்துவிடுவாள்" என்றார். அன்றிலிருந்து அவள் இரவில் சாப்பிடுவதில்லை. அவளுடைய உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.; கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 26. இது நோயா? உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1 (உணவியல் ஆலோசகர், புதுக்கோட்டை)
ஆச்சி, அந்த எண் தனி ஒருவரின் நோயைக் கண்டறிவதற்காகப் பிறந்ததன்று. பெல்ஜியம் நாட்டு அறிஞர் கெட்லே, 19ஆம் நூற்றாண்டில் மக்கள் திரளின் சராசரியை ஆராய்ந்தபோது வகுத்த கணக்கு அது. 1972இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை இட்டார். அமெரிக்காவில் 1998இல் அதிக எடைக்கான எல்லை 25ஆகக் குறைக்கப்பட்டபோது, எடை சிறிதும் கூடாமலேயே கோடிக்கணக்கானோர் அதிக எடை உள்ளவர்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கவலை தருவது அவள் இரவு உணவை விட்டதுதான். இதே கீஸ், 1944-45இல் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்கள் உடல் மெலிந்ததோடு நில்லாமல் மனமும் சோர்ந்து, எந்நேரமும் உணவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதில் 2 (தேவகோட்டை)
பந்தியில் அப்படிப் பேசியது தவறுதான். ஆனாலும் எல்லாவற்றையும் ஏளனம் என்று தள்ளிவிட முடியாது. ஆசியர்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியிருக்கிறது. சர்க்கரை நோயாளி இல்லாத வளவு வீடு நம் பக்கத்தில் எத்தனை இருக்கிறது?

பதில் 1 (மீண்டும்)
அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆகவே இடுப்புச் சுற்றளவு (நம் பெண்களுக்கு 80 செ.மீ. வரை), மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் மெலிந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் வருகிறது; ஒல்லியான மாப்பிள்ளையிடம் எந்தத் தரகராவது சர்க்கரை அளவைக் கேட்டதுண்டா? அக்கறை உடல்நலத்தின் மேல் என்றால் இருவரிடமும் அல்லவா கேட்க வேண்டும்!

பதில் 3 (ஆத்தங்குடி)
"இன்னும் ஒன்று வைத்துக்கொள்" என்று வற்புறுத்துவதும் நாம்தான், பிறகு உடம்பைப் பேசுவதும் நாம்தான். தரகரிடம் உயரத்தை மட்டும் கொடுங்கள். எடை தெரிந்தால்தான் மேலே பேசுவோம் என்பவர்கள் வேறு இடம் பார்க்கட்டும். உறவினருக்கான பதிலை மகளின் காதில் விழும்படி, அந்தப் பந்தியிலேயே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்; அடுத்த முறை சொல்லுங்கள். அவள் தொடர்ந்து பட்டினி கிடந்தாலோ, மாதவிடாய் தவறினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.