எட்வர்டியன் மர வீட்டின் பழைய வராந்தா எப்படி இருந்தது என்று நிரூபிப்பது எப்படி?

மெல்பர்ன், நார்த்கோட்டில் உள்ள எங்கள் மர வீடு 1910ஐ ஒட்டி, எட்வர்டியன் எனப்படும் அக்காலப் பாணியில் கட்டப்பட்டது. பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. முன் வராந்தா மட்டும் அசல் இல்லை. முன்பு இருந்தவர்கள் மரத்தூண்களை எடுத்துவிட்டு இரும்புக் குழாயை நிறுத்தி, தரைக்கு சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். பழையபடி மரத்தில் கட்ட நகராட்சியில் அனுமதி கேட்டால், அசல் வடிவத்துக்கு ஆதாரம் வேண்டும் என்கிறார்கள். கேட்பது நியாயம்தான். கற்பனையாக எதையோ செதுக்கி மாட்ட எனக்கும் மனமில்லை.

மாநில நூலகத்தில் உள்ள பழைய கழிவுநீர் வாரிய வரைபடத்தில் வராந்தாவின் நீள அகலம் தெரிகிறது, மரவேலைப்பாடு தெரியவில்லை. சாண்ட்ஸ் அண்ட் மெக்டூகல் விலாசப் புத்தகங்களில் குடியிருந்தவர் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். முந்தைய குடும்பத்திடம் புகைப்படம் இல்லை. பக்கத்து வீடுகளின் மரவேலையோ ஒன்றுக்கொன்று வேறு.

மற்றபடி வீடு அருமையாக நிற்கிறது: கல் அடுக்கியதுபோல் வெட்டிய முகப்புப் பலகைகள், ஈயச் சட்டமிட்ட வண்ணக் கண்ணாடி, உயரமான செங்கல் புகைபோக்கி. அப்புறம், வராந்தாவில் மிச்சமிருக்கும் பழைய உத்தரத்தில் பெயிண்டுக்கு அடியில் வளைவாக ஒரு தடம் தெரிகிறது. மரவேலை ஒட்டியிருந்த இடமாகத்தான் படுகிறது. அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால் சுரண்டவில்லை.

இப்படிப் பெயிண்ட் தடத்தை ஆதாரமாகக் காட்டி மெல்பர்னில் யாராவது அனுமதி வாங்கியிருந்தால், அதை எப்படிப் பதிவுசெய்து கொடுத்தீர்கள்?