அம்மன் துணைக்கு வந்த சோதனை

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன மாதம் வெள்ளைத் தடியோடு ஒரு தம்பி வந்தார். பாலக்கோட்டுக்காரர். பெங்களூரில், ஆப்களும் இணையதளங்களும் பார்வையில்லாதவர்களுக்கு ஒத்துவருகின்றனவா என்று சோதித்துச் சொல்லும் வேலை.

அவர் தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நான் அடித்து அனுப்பியிருந்தேன். “அண்ணா, நானே புரூஃப் பார்க்கணும், ஒண்ணும் புரியலையே” என்றார். கண் தெரியாதவர் புரூஃப் பார்ப்பதா என்று நினைத்தேன், வெளியே சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து முதல் வரியில் அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடர் படித்தது: “எம், கே, செமி, கே, டி, செமி.” நான் அடித்திருந்தது ‘அம்மன்’!

பாமினி எழுத்துரு செய்யும் வேலை அது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கும். நம் கண் ஏமாறும், ஸ்க்ரீன் ரீடர் ஏமாறாது. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில்தான் தமிழ் எழுத்துகளுக்கும் புள்ளி, கொம்பு போன்ற குறிகளுக்கும் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. இத்தனை வருடம் தமிழ் தட்டுகிறேன், இதை யோசித்ததே இல்லை.

யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். காதில் ஹெட்போனை மாட்டி, எனக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டார். மூன்றாவது நிமிடம், “அண்ணா, முகூர்த்தம் அதிகாலை நாலரை. ‘மாலை’ன்னு இருக்கு.” நான் இரண்டு தடவை பார்த்துத் தவறவிட்டது.

பதில் (கிருஷ்ணகிரி): எங்கள் மாங்காய் மண்டிக்கு ஒரு கணக்கு ஆப் எழுதினேன். தெரிந்த அக்கா ஒருவர், இதே துறை, பார்வை கிடையாது. ஆண்ட்ராய்டு போனில் வரும் ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக்கைப் போட்டுத் தடவினார். “பட்டன், பட்டன், பட்டன்” என்றது. “எது எடை, எது காசு தம்பி?” என்றார். படம் வைத்தேனே தவிர, பட்டனுக்குப் பேர் வைக்கவில்லை. பேர் வைப்பது அரை நாள் வேலைதான், அதைக்கூடச் செய்யவில்லையே என்று வெட்கமாகிவிட்டது.

பதில் (ஓசூர்): அந்தத் தம்பி கேட்டது என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடராக இருக்கலாம். இலவசம். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது, அவருக்கும் பார்வை கிடையாது. காசு கொடுத்து வாங்கும் ஸ்க்ரீன் ரீடர்களின் விலை அவ்வளவு அதிகம், அதனால்தான் தொடங்கினார்!

பதில் (கடைக்காரர்): சரி, இப்போது அச்சுக்கு பாமினி, வாட்ஸ்அப்புக்கு யூனிகோடு என்று இரண்டு ஃபைல் வைக்கிறேன். அந்தப் பத்திரிகைக்கு மட்டும் காசு வேண்டாம் என்றேன். தம்பிதான் கேட்காமல் ஜிபேயில் போட்டுவிட்டார்.