மறுமொழி: ஹம் என்பதற்கு 'உறுமல்', கிரவுண்ட் லூப்புக்கு 'இருவழி எர்த்'

குழு நண்பர்களுக்குக் குன்னூரிலிருந்து வணக்கம்.

ஆம்ப்ளிஃபயரில் ஓயாமல் வரும் அடியொலியான ஹம்முக்கும், அதைக் கிளப்பும் பழுதுகளில் ஒன்றான கிரவுண்ட் லூப்புக்கும் நம் குழுவில் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஹம்முக்கு 'ரீங்காரம்' போதும் என்று பேச்சு முடியப் போவதுபோல் தெரிகிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சரியான சொல் கையில் இல்லாததால் போன மழைக்காலம் முழுக்க நான் அலைந்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா காலத்து ஆம்ப். 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு இங்கேயே ஒருவர் கட்டிக் கொடுத்தது. ஒருநாள் பாட்டுக்கு அடியில் ஓயாத சத்தம். மெக்கானிக்குக்கு போன் போட்டு, "ஒரே இரைச்சலா இருக்குண்ணே" என்றேன். அவர் 'உஸ்ஸ்' என்று வரும் சத்தம் என்று எடுத்துக்கொண்டார். முதல் கட்டத்து டிரான்சிஸ்டரை மாற்றினோம். சத்தம் போகவில்லை. அடுத்த முறை, "வண்டு மாதிரி ரீங்காரம் போடுது" என்றேன். "அப்ப பில்டர் கண்டென்சர் காஞ்சு போச்சு" என்றார். 4700 மைக்ரோஃபாரட் இரண்டை வாங்கி மாற்றினோம். அப்போதும் போகவில்லை. அவர் மேல் குற்றமே இல்லை. நான் சொன்ன சொல்லுக்கு அவர் கொடுத்த மருந்து சரிதான்.

ஆகவே முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இரைச்சல் என்பது பொதுப்பெயர். வேண்டாத ஓசை எல்லாம் அதற்குள் அடங்கும். 'உஸ்ஸ்' என்று வருவது சீறல். விட்டுவிட்டுப் பொரிவது கரகரப்பு. அடித்தொண்டையில் ஒரே சுருதியில் நிற்பதற்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். ரீங்காரம் அதற்குப் பொருந்தாது. பெட்டியில் வளர்க்கும் தேனீ நொடிக்கு 200 தடவைக்கு மேல் சிறகடிக்கும். கோத்தகிரிப் பக்கம் குறும்பர்கள் தேன் எடுக்கும் பாறைகளுக்கு அடியில் நின்றிருக்கிறேன். அந்த ஒலியில் ஓர் இனிமை உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு. நம் மின்சாரத்தின் ஒலி வேறு. பைக்காராவில் விழும் தண்ணீரானாலும் நெய்வேலியில் எரியும் நிலக்கரியானாலும் கம்பியில் வந்து சேர்வது 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. மிகக் கீழே கிடக்கிற, அசையாத ஒலி அது. அதனால் என் பரிந்துரை 'உறுமல்'. விலங்கின் கோபம் போல் இருக்கிறது என்று கோவை நண்பர் தயங்கினார். உறுமி மேளத்தை நினைத்துப் பாருங்கள் ஐயா. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த அடியொலிக்குத்தானே அந்தப் பெயர்? "ஆம்ப் உறுமுது" என்று சொன்னால் எந்தக் கடையிலும் புரியும்.

உறுமலிலும் இரண்டு வகை உண்டு. இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது பாட்டு சொல்லிக்கொடுக்கும் என் அக்கா. ஆம்ப் மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் காதை வைத்துக் கேட்டாள்; பிறகு ஸ்பீக்கரிடம் போனாள். "அது மேல் சட்ஜம், இது கீழ் சட்ஜம்" என்றாள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நொடிக்கு 100 தடவை அதிரும். ஏசியை டிசியாக்கும் முழு அலைத் திருத்தி வழியாக மிச்சமாக வரும் சிற்றலையும் 100தான். அதைச் சமன் செய்யும் பில்டர் கண்டென்சர் காய்ந்து போயிருந்தால் ஸ்பீக்கரிலும் அந்த மேல் சட்ஜம்தான் ஓங்கி நின்றிருக்கும். எங்களுக்கு வந்ததோ ஒரு ஸ்தாயி கீழே, 50. அதாவது பவர் சப்ளையில் பழுது இல்லை, வெளியிலிருந்து ஏதோ உள்ளே நுழைகிறது. (சின்ன ஸ்பீக்கரில் 50 சரியாகக் கேட்காது, அங்கே காதை நம்ப வேண்டாம்.)

பிறகு தேடுவது சுலபமாயிற்று. ஆம்புக்குப் பாட்டு கொண்டுவரும் பின்பக்கத்து ஆர்சிஏ ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கினேன், உறுமல் நின்றது. டேப் டெக்கை மட்டும் மாட்டினேன், சத்தமில்லை. செட்டாப் பாக்ஸை மாட்டியதும் வந்துவிட்டது. அதன் கரண்ட் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் உறுமல் அப்படியே இருந்தது! கடைசியாகப் பின்னால் திருகியிருந்த கேபிள் டிவி ஒயரைக் கழற்றினேன். சட்டென்று நின்றது. வெளியே சில்வர் ஓக் இலையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது. அந்த ஒயரின் மேல்வலைக்கும் (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பிவலை) ஆம்ப் பெட்டிக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் 1.3 வோல்ட் ஏசி.

எங்கள் எர்த் குழி சமையலறைக்குப் பின்னால், கரியும் உப்பும் போட்டு இறக்கியது. கேபிள்காரர் எர்த் எடுத்திருப்பது சரிவில் நாலு வீடு கீழே. இரண்டு இடத்து மண்ணும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற மின்னோட்டம், பாட்டு வரும் ஒயரின் மேல்வலை வழியாகவே ஓடுகிறது. அதில் விழும் சிறு வோல்ட்டையும் பாட்டு என்று நினைத்து ஆம்ப் பெருக்கிவிடுகிறது.

கிரவுண்ட் லூப் என்பது இதுதான். இதற்குத்தான் நம் குழுவில் 'தரைவளையம்', 'புவிக்கண்ணி' என்ற இரண்டும் முன்வைக்கப்பட்டன. தரை என்றால் வீட்டில் பாய் விரிக்கும் இடம். புவிக்கண்ணி என்றதும் எனக்குக் கண்ணிவெடிதான் ஞாபகம் வருகிறது. அதைவிடப் பெரிய குறை, வளையம் என்ற சொல் வடிவத்தைச் சொல்கிறதே ஒழிய, பழுது பார்ப்பவர் எங்கே தேட வேண்டும் என்று சொல்வதில்லை. விஷயம் கேட்டதும் எங்கள் மெக்கானிக் சொன்னது, "ஓ, ரெட்டை எர்த்தா!" அந்தச் சொல்லிலேயே வைத்தியம் இருக்கிறது: மண்ணுக்குப் போக ஒரு வழி கூடுதலாக இருக்கிறது, அதைக் கண்டுபிடி. ஆனால் ஒரே எர்த் குழிக்குப் போகும் மூன்று பின் பிளக் இரண்டை மாட்டினாலும் இந்த உறுமல் வரலாம். அங்கே குழி ஒன்று, வழி இரண்டு. அதனால் 'இரட்டை' என்பதைவிட 'இருவழி' சரி. பேச்சில் இருவழி எர்த், எழுத்தில் இருவழி நிலத்தொடர்பு. நிலத்தொடர்புக்குப் பதில் புவித்தொடுப்பு என்று எழுதுகிறவர்கள் அப்படியே எழுதட்டும், 'இருவழி' மட்டும் நிலைக்கட்டும்.

விளக்கம் எழுதும்போது ஒரு வரி கட்டாயம் சேருங்கள். கூடுதல் வழியை அறுப்பது பாட்டு ஒயரில்தான். பிளக்கின் எர்த் பின்னில் ஒருநாளும் கூடாது. அதை ஒடித்தால் சத்தம் போய்விடும் என்று என்னிடமே ஒருவர் சொன்னார். உள்ளே ஒரு ஒயர் இற்றுப் பெட்டியில் பட்டால், தொடுகிற குழந்தைக்கு 230 வோல்ட்.

நான் செய்தது, செட்டாப் பாக்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவே ஒன்றுக்கு ஒன்று (இருபுறமும் ஒரே எண்ணிக்கைச் சுற்று) என்ற சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டைப் போட்டது, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தத்தின் வழியே தாண்டிப் போகும், கம்பித் தொடர்பு அங்கே அறுந்துவிடும். இந்தப் பொருளுக்கு 'தனிமைப்படுத்தும் மின்மாற்றி' என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது. வாயில் நுழையவில்லை. 'பிரிமாற்றி' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. நல்ல சொல் இருப்பவர்கள் தாருங்கள்.