ரீபேக்கை விட்டு ஸ்டீமுக்கு மாறணும், மாசம் 500 ரூபாதான் பட்ஜெட்

பிக்சல்பாண்டி:
வணக்கம் மக்களே. 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள பிசி. நானும் தம்பியும் ஆடுறோம். டி டிரைவ் முழுக்க ரீபேக் (பூட்டை உடைச்சு, சுருக்கி, காசில்லாம நெட்ல விடுற கேம் காப்பி). இனி காசு குடுத்தே வாங்கலாம்னு கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல அக்கவுண்ட் திறந்தாச்சு. விலையைப் பார்த்தா காட் ஆஃப் வார் 3,299, சைபர்பங்க் 2,999! மாசம் 500க்கு இதுல என்ன வாங்குறது? அப்புறம், பாதியில நிக்கிற கேம் சேவ் (எதுவரைக்கும் ஆடினோம்ங்கிற பதிவு) ஒரிஜினலுக்கு வருமா, குறிப்பா எல்டன் ரிங்? நெட் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 2 ஜிபி. ஏற்கெனவே இறக்கி வச்ச ஃபைலையே ஸ்டீம் எடுத்துக்குமா? சில தளத்துல பாதி விலைக்கு கீ (கேமைத் திறக்கிற கோட்) விக்கிறாங்களே, வாங்கலாமா?

நைட்அன்லிமிடெட்:
மாசம் 500ன்னு பார்க்காதீங்க, வருஷம் 6,000ன்னு பாருங்க. பெரிய சேல் வருஷத்துக்கு நாலு. 2025ல மார்ச் நடுவுல ஒண்ணு, ஜூன் 26ல ஒண்ணு, செப்டம்பர் 29ல ஒண்ணு, டிசம்பர் 18ல ஒண்ணு. ஜூனும் டிசம்பரும்தான் ரெண்டு வாரத்துக்கு ஓடும். காசை அதுக்கு ஒதுக்குங்க. வேணும்ங்கிறதை எல்லாம் விஷ்லிஸ்ட்ல போட்டுட்டு, ஸ்டீம்டிபி தளத்துல கரன்சியை ரூபாய்க்கு மாத்தி ஒவ்வொண்ணோட பழைய விலைக் கோட்டையும் பாருங்க. இதுவரைக்கும் இறங்கின அடிவிலை தெரியும். ஒரு கேம் 60 சதவீதத்துல ரெண்டு சேலா நின்னா, அடுத்து 67, 75ன்னு போக வாய்ப்பு உண்டு. ஒரு தள்ளுபடி முடிஞ்சா அடுத்ததுக்கு பொதுவா 30 நாள் இடைவெளி வேணும்ங்கிறது ஸ்டீம் விதி, பெரிய சேலுக்கு மட்டும் விலக்கு. அதனால சேல் முடிஞ்ச மறுநாள் வந்து விலை இறங்குமான்னு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

3,299 எப்படி வந்துச்சுன்னா, ரூபாய் விலைக்கு ஸ்டீம் ஒரு பரிந்துரை மட்டும்தான் குடுக்கும், முடிவு பண்றது பப்ளிஷர். காட் ஆஃப் வார் 2018ல பிளேஸ்டேஷன்ல வந்தது. பிசிக்கு 2022 ஜனவரியில வந்தப்பவும் முழு விலைதான். அந்த மாதிரி கேமை வெளியான அன்னிக்கே வாங்குற ஆள் இங்க கொஞ்சம்தான். மத்தவங்க ரெண்டு வருஷம் கழிச்சு வாங்குவாங்க, இல்ல கிராக்குக்கு (பூட்டு உடைச்ச திருட்டுக் காப்பிக்கு) போவாங்க.

விலை ஒண்ணுதான் தடையா இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது. ரிச்சி தெருவுலயும் பர்மா பஜார்லயும் பர்ன் பண்ணின டிஸ்க் வித்த காலத்துல, ஸ்டீம்ல ஒரிஜினல் வேணும்னாலும் கையில இன்டர்நேஷனல் கிரெடிட் கார்டு இருக்கணும், விலையும் டாலர்ல. அப்போ இருந்த பிஎஸ்என்எல் 500 ரூபா பிளான்ல ராத்திரி 2 மணியிலேருந்து காலை 8 வரைக்கும் அளவில்லாம இறக்கலாம். டோரண்ட்டை வளர்த்ததே அந்த ஆறு மணி நேரம்தான். ஸ்டீம்ல ரூபாய் வந்தது 2015 நவம்பர். அதுக்கு முன்னாடி ஜூன்லயே ரீஃபண்ட் வந்தாச்சு: வாங்கி 14 நாளுக்குள்ள, ஆடினது 2 மணி நேரத்துக்குள்ள இருந்தா காசு வாபஸ். நம்ம பிசியில ஓடுமான்னு பார்க்கவே கிராக் இறக்கினவங்களுக்கு அந்தக் காரணம் அதோட போச்சு. ஒண்ணு கவனம்: கேமுக்கு முன்னாடி திறக்கிற லாஞ்சர்ல நிக்கிறது, மெனுவுல ஷேடர் கம்பைல் (கிராபிக்ஸை முன்கூட்டியே தயார் பண்றது) ஆகுறது எல்லாமே அந்த 2 மணிக் கணக்குல சேரும்.

டிரைவ்டி:
சேவ் பற்றி. பல கேம்களில் சேவ் இருப்பது டாக்குமெண்ட்ஸ், ஆப்டேட்டா, சேவ்டு கேம்ஸ் ஆகிய இடங்களில். ஒரிஜினலும் அங்கேதான் தேடும், தானாக எடுத்துக்கொள்ளும். சில கிராக்குகள் மட்டும் பப்ளிக் டாக்குமெண்ட்ஸுக்குள் ஸ்டீம் என்ற ஃபோல்டரிலோ, ஆப்டேட்டா ரோமிங்கில் கோல்ட்பெர்க் பெயரில் உள்ள ஃபோல்டரிலோ தனியாக வைத்திருக்கும். முதலில் சேவ் ஃபைலை பென்டிரைவில் நகலெடுங்கள். ஒரிஜினலை நிறுவி, ஸ்டீம் கிளவுடை (சேவ் ஃபைலை இணையத்தில் வைக்கும் வசதி) அந்த கேமுக்கு அணைத்துவிட்டு, ஒருமுறை திறந்து மூடுங்கள். புதிய சேவ் ஃபோல்டர் உருவாகும். பழைய ஃபைலை அதில் போட்டு, ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கிளவுடைப் போடுங்கள். வரிசை மாறினால் கிளவுடில் உள்ள வெற்று சேவ் உங்கள் பழையதின் மேல் ஏறிவிடலாம்.

எல்டன் ரிங்கில் நகலெடுப்பது மட்டும் போதாது. 17 இலக்க ஸ்டீம் ஐடியின் பெயரில் ஃபோல்டர் இருக்கும், அதே ஐடி சேவ் ஃபைலுக்குள்ளும் பதிந்திருக்கும். ஐடி பொருந்தாவிட்டால் லோட் ஆகாது. அதை மாற்றவே சிறு கருவிகள் உண்டு. மாட் (கேமை மாற்றும் ஃபைல்) போட்டு வாங்கிய பொருட்கள் அந்த சேவில் இருந்தால் ஆன்லைன் பக்கம் போகாதீர்கள், தடை விழும். இன்னொரு சிக்கல்: ரீபேக்கில் பெரும்பாலும் எல்லா டிஎல்சியும் (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) சேர்ந்தே வரும். நீங்கள் அடிப்படை கேமை மட்டும் வாங்கினால், டிஎல்சி பகுதியில் நிற்கும் சேவ் ஃபைலைச் சில கேம்கள் திறக்க மறுக்கும்.

ஃபைல்களை ஸ்டீம் எடுத்துக்கொள்ளும். ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் காமன் ஃபோல்டரில், சரியான பெயரில் ஃபோல்டர் இருக்க வேண்டும் (பெயரை ஸ்டீம்டிபியின் கான்ஃபிக் பக்கத்தில் பார்க்கலாம்). அதில் கேமை நகர்த்திவிட்டு இன்ஸ்டால் கொடுத்தால், இருப்பதைச் சரிபார்த்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் இறக்கும். ஏறத்தாழ 1 எம்பி துண்டுகளாகப் பார்ப்பதால் பெரிய ஃபைலில் சிறு மாற்றம் என்றால் சிறிதே இறங்கும். ஆனால் வீடியோவைச் சுருக்கிய ரீபேக், மிகப் பழைய வெர்ஷன் என்றால் மிச்சமாகும் டேட்டா பெரிதாக இருக்காது.

சுத்தபத்தம்:
டிரைவ்டி சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு. வெரிஃபை பண்ணும்போது ஸ்டீம் தன்னோட பட்டியல்ல உள்ள ஃபைலைத்தான் சரிபண்ணும். கிராக்கோட வந்த கூடுதல் டிஎல்எல், ஐஎன்ஐ ஃபைல் எல்லாம் அங்கேயே கிடக்கும். அந்த டிஎல்எல் ஒரிஜினலோடயும் சேர்ந்து ஏறலாம், ஆன்டிசீட் (ஏமாத்தி ஆடுறவங்களைப் பிடிக்கிற புரோகிராம்) உள்ள கேம்ல வம்பு. அதனால கேமோட பெரிய டேட்டா ஃபைலை மட்டும் நகர்த்துங்க, இஎக்ஸ்இ, டிஎல்எல் ஒண்ணுகூட வேண்டாம். அதை ஸ்டீமே இறக்கட்டும், சின்ன சைஸ்தான்.

நகர்த்துறதுக்கு முன்னாடியே விண்டோஸோட ஆன்டிவைரஸான டிஃபெண்டர்ல எக்ஸ்குளூஷன் (சோதிக்காம விடுற இடங்கள்) பட்டியலைத் திறங்க. இன்ஸ்டால் பண்ணும்போது டி டிரைவையே விலக்கி வச்சிருப்பீங்க, எடுத்துடுங்க. ஃபயர்வால்ல கேமோட இஎக்ஸ்இக்குத் தடை, ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (தளங்களைத் தடுக்கவும் பயன்படுறது) கூடுதல் வரி இருந்தா அதையும் நீக்குங்க. ஒரிஜினல் வாங்கியும் ஆன்லைன் போகலைன்னு புலம்புறவங்க முதல்ல பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம் விண்டோஸ் அப்டேட் ஓடுதான்னு பாருங்க. 2021ல ஆன்டிவைரஸ் கம்பெனி அவாஸ்ட் வெளியிட்ட கிராக்கோனோஷ் விவகாரத்துல, ஜிடிஏ 5, ஃபார் க்ரை 5 கிராக்குகள்ல மொனேரோ மைனர் (நம்ம பிசியை வச்சு கிரிப்டோ காசு எடுக்கிற புரோகிராம்) இருந்துச்சு. பிசியை சேஃப் மோடுல ஏத்தி டிஃபெண்டரை அழிச்சுட்டு, டாஸ்க்பார்ல போலி டிஃபெண்டர் ஐகானை வச்சுடும். பிலிப்பைன்ஸ், பிரேசிலுக்கு அடுத்து அதிகம் மாட்டினது இந்தியாதான். அப்டேட் தானா நின்னு போயிருந்தா சுத்தம் பண்ண மெனக்கெடாதீங்க, விண்டோஸை அழிச்சு புதுசா போடுங்க.

பாதி விலைக் கீ வேண்டவே வேண்டாம். வேற நாட்டுக் கீயா இருந்தா இந்தியாவுல ஆக்டிவேட் ஆகாம போகலாம். திருட்டுக் கார்டுல வாங்கினதா இருந்தா, பணம் திரும்பப் போனதும் கேம் லைப்ரரியிலேருந்து போயிடும். ஸ்டீம்ல ரீஃபண்டும் கேட்க முடியாது.

பிக்சல்பாண்டி:
நன்றி அண்ணே, எல்லாருக்கும். டிஃபெண்டர்ல டி டிரைவ் முழுசும் விலக்குலதான் இருக்கு! தம்பிக்குத் தனி அக்கவுண்ட் வேணுமா?

நைட்அன்லிமிடெட்:
வேணும். ஸ்டீம் ஃபேமிலீஸ்ல 6 பேர் வரைக்கும் சேரலாம், எல்லாரும் ஒரே வீடா இருக்கணும். உங்க கேமைத் தம்பி அவனோட அக்கவுண்ட்ல, அவனோட சேவ்ல ஆடலாம். ஒரே கேமை ஒரே நேரத்துல ரெண்டு பேரும் ஆடணும்னா ரெண்டு காப்பி வேணும். வேற லாஞ்சர் கேட்கிற சில கேம் பகிர முடியாது. தம்பி சீட் பண்ணி தடை வாங்கினா, கேம் உங்களோடதா இருந்தா தடை உங்களுக்கும் சேர்த்துத்தான். பசங்க யாரையாவது சேர்த்துட்டு அப்புறம் வெளியே அனுப்பினா அந்த இடத்துல வேற ஆளைச் சேர்க்க ஒரு வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால யோசிச்சு சேருங்க. யுபிஐல கட்டும்போது பெண்டிங்னு நின்னா திரும்பக் கட்டாதீங்க. முதல்ல பர்ச்சேஸ் ஹிஸ்டரியைப் பாருங்க.