வெயிலில் முகப்படம்: ஃபிளாஷ் வாங்கணுமா, நிழலைத் தேடணுமா?

புதுலென்ஸ் எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் தங்கைக்கு நிச்சயம். வெளியில் எடுக்கும் படங்களை நானே எடுக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு ஒத்திகைக்காக அவளைச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுக்கு, நம் தேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கெர்பாவ் ரோட்டில் தான் தெங் நியா வீடு இருக்கிறதே, கதவுக்கும் ஜன்னலுக்கும் விதவிதமாக வண்ணம் அடித்த 1900-ஆம் வருஷத்து வீடு, அதன் முன்னால் நிற்கவைத்தேன். உச்சி வெயில் தாழட்டும் என்று பன்னிரண்டு மணியைத் தவிர்த்து ஒரு மணிக்குத்தான் ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் இரண்டு கண்ணும் குழிக்குள் போய்விட்டன. மூக்கின் நிழல் மேலுதடு வரை இறங்கியிருக்கிறது. நெற்றியும் மூக்குநுனியும் வெளுத்துப் போயின. அம்மா பார்த்துவிட்டு, "பிள்ளை ராத்திரி தூங்கலையா?" என்று கேட்டார். அன்று அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். படத்தில் அது இல்லை. கையில் ஒரு கேமராவும் 85 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. ஃபிளாஷ் வாங்கணுமா, இல்லை நேரத்தை மாற்றினால் போதுமா?

நிழல்தேடி எழுதியது:

தம்பி, முதலில் காசை உள்ளே வையுங்கள். நீங்கள் தவிர்த்ததாக நினைத்த உச்சி வெயிலில்தான் போய் நின்றிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு இல்லை, ஏறக்குறைய ஒரு மணிக்கு. நாம் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறோம். மார்ச், செப்டம்பர் கடைசி வாக்கில் அந்த நேரத்தில் வெட்டவெளியில் நின்றால் நம் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். வெளிச்சம் தலைக்கு நேர் மேலிருந்து விழுந்தால் புருவ எலும்பு கண்ணை மறைக்கத்தான் செய்யும்.

இதற்கு மருந்து உங்கள் அடுக்குமாடி புளோக்கின் சுவரில்லாத திறந்த கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. தங்கையைக் கீழ்த்தளத்தின் விளிம்பிலிருந்து இரண்டு அடி உள்ளே, வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். மேலே இருக்கும் கூரை உச்சி வெளிச்சத்தை வெட்டிவிடும். எதிரே இருக்கும் வானமும் வெயில் பட்ட தரையும் சேர்ந்து முகத்துக்கு நேராக வெளிச்சம் அனுப்பும். கண்மணியில் அகலமான ஒரு வெள்ளைப் பட்டை தெரியும், அதைப் பார்த்தாலே வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று புரிந்துவிடும். இன்னும் இரண்டு அடி உள்ளே போனால் அந்தப் பட்டை மெலிந்து முகம் மந்தமாகிவிடும். அந்த இரண்டு அடிதான் கணக்கு. தேக்காவிலேயே எடுக்கணும் என்றால் கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையும் இதே வேலையைச் செய்யும்.

ஈசூன்காரன் எழுதியது:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் அது பாதி பதில். அந்தத் தம்பிக்கு வேண்டியது அந்த வண்ண வீடு. கீழ்த்தளத்துக்குப் போனால் முகம் கிடைக்கும், வீடு கிடைக்காது. ஐந்தடிப் பாதையில் நிழலில் இருக்கும் முகத்துக்குக் கேமராவில் வெளிச்ச அளவு வைத்தால் பின்னால் இருக்கும் தெரு வெள்ளையாகிவிடும். தெருவுக்கு வைத்தால் முகம் கறுத்துவிடும். இரண்டும் ஒரே படத்தில் வேண்டும் என்றால் முகத்துக்கு நாம்தான் வெளிச்சம் கொண்டுபோகணும்.

கணக்கைப் பார்ப்போம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100 வைத்தால் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/100 நொடி. பின்னணி கலங்கணும் என்று துளையைப் பெரிதாக்கி எஃப் 2.8-க்குப் போனால் ஷட்டர் 1/3200 ஆகிறது. நம்மில் பலர் வைத்திருக்கும் கேமராக்களில் சாதாரண ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் ஷட்டரோடு ஒத்துப்போகும். அதைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஹை ஸ்பீட் சிங்க். ஃபிளாஷ் ஒரே வெட்டாக அடிக்காமல் விட்டுவிட்டுத் துடிக்கும், அதனால் பலம் ரொம்பக் குறையும். ஃபிளாஷை முகத்துக்குக் கிட்டே கொண்டுவரணும். மற்றொன்று, லென்ஸ் முன்னால் நான்கு ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். அதைப் போட்டால் 1/200-லேயே எஃப் 2.8 கிடைக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

இதெல்லாம் மதியம் ஒரு மணிக்கு வேண்டாம், ஐந்தரைக்குப் போங்கள். சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், கூந்தல் ஓரத்தில் வெளிச்சக் கோடு விழும். முகத்துக்கு ஒரு 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி), பக்கவாட்டில் கொஞ்சம் மேலே தூக்கி. ஃபிளாஷின் பலத்தை வெளி வெளிச்சத்தைவிட ஒரு ஸ்டாப் குறைவாக வையுங்கள். பார்க்கிறவருக்கு ஃபிளாஷ் அடித்ததே தெரியக்கூடாது.

நிழல்தேடி எழுதியது:

தெரியக்கூடாது என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது.

என் கல்யாணப் படங்களைப் பற்றிச் சொல்கிறேன். நான் நல்ல கறுப்பு. அரக்குப் பட்டுச் சேலை, ஆச்சி கொடுத்த அட்டிகை. வெளியில் எடுத்த எல்லாப் படத்திலும் ஃபிளாஷ். முகம் சாம்பல் கலந்த வெளுப்பு, கழுத்துக்குக் கீழே என் சொந்த நிறம். வியர்வை பட்ட கன்னத்தில் நாணயம் மாதிரி வெள்ளைப் புள்ளி. அட்டிகையில் தங்கமே தெரியவில்லை, வெள்ளை மினுக்கல்தான். ஆச்சி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். ஆச்சி இப்போது இல்லை. அந்தக் கேள்விதான் என்னைக் கேமரா தூக்கவைத்தது. அதற்குப் பிறகு நான் எடுத்த ஒரு படத்திலும் ஃபிளாஷ் இல்லை.

வானம் மாதிரி பெரிய விளக்கு எதுவும் கிடையாது. கறுப்புத் தோலில் பெரிய வெளிச்சம் பட்டால் கன்ன எலும்பில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். கருங்கல் சிலையில் எண்ணெய் பூசினால் எப்படி இருக்குமோ அப்படி. அதைச் சின்ன விளக்கு கெடுத்துவிடும்.

ஈசூன்காரன் எழுதியது:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் குற்றம் ஃபிளாஷ் மேல் இல்லை, வெளிச்ச அளவு மேல்.

கேமராவும் தானியங்கி ஃபிளாஷும் எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். கறுத்த முகம் படச்சட்டத்தை நிறைத்தால், 'வெளிச்சம் போதவில்லை' என்று தானாக ஏற்றிவிடும். அதை நாம் ஒரு ஸ்டாப் போல இறக்கணும். இறக்காமல் விட்டவருடைய தவறு அது. ஃபிளாஷே இல்லாமல் தானியங்கியில் கீழ்த்தளத்தில் எடுத்தாலும் இதே வெளுப்பு வரும், முயன்று பாருங்கள். அந்த நாணயப் புள்ளி கேமரா தலையில் மாட்டிய சின்ன ஃபிளாஷை நேராக அடித்ததால் வந்தது. பெரிய சாஃப்ட்பாக்ஸை ஒரு மீட்டர் தூரத்தில், பக்கத்திலிருந்து கொடுத்தால் அட்டிகையில் பட்டையாக ஒளி ஓடும், தங்கம் தங்கமாகவே இருக்கும். வியர்வைக்கு ஒரு டிஷ்யூ, தேய்க்காமல் ஒற்றணும். நம் ஊர் ஈரப்பதத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒற்றணும்.

ஃபிலிம்காலம் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதையும் படித்தேன். வயதானவன், நடுவில் வருவதற்கு மன்னிக்கணும்.

உச்சி ஒரு மணிக்கு வருவதன் காரணம் இங்கே இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினோம். அதற்கு முன் உச்சி பன்னிரண்டரையை ஒட்டி இருந்தது. அன்றிலிருந்து என் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்த நேரமெல்லாம் மாறிப்போயின.

நிறம் பற்றி அந்த அம்மா சொன்னது உண்மை, அது ஃபிளாஷோடு மட்டும் தொடங்கவில்லை. அந்தக் காலத்தில் லேப்களில் வண்ணம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம் பிள்ளைகள் முகம் அந்த அளவுகோலில் எங்கே விழும் என்று யாரும் கேட்கவில்லை. நான் பிரிண்ட் போடுகிறவரிடம் பக்கத்திலேயே நின்று "இன்னும் இறக்குங்க" என்று சொல்லிச் சொல்லி வாங்கியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பூமலையிலோ (தாவரவியல் பூங்கா) ஃபோர்ட் கேனிங் பூங்காவிலோ மர நிழலில் நிறுத்தினால் இலையும் புல்லும் பட்டுவரும் வெளிச்சம் பச்சையாக இருக்கும். கறுப்புத் தோலில் அது நோய் கண்ட மாதிரி தெரியும். கண்ணுக்கு உடனே பிடிபடாது, படத்தில்தான் தெரியும். வெள்ளைச் சேலை கட்டிய ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்தச் சேலையைப் பாருங்கள், காட்டிக்கொடுத்துவிடும்.

கடலோரன் எழுதியது:

சாஃப்ட்பாக்ஸ் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணே. மரினா அணைக்கட்டு மேல் புல்வெளியில் காற்றில் என் ஸ்டாண்ட் அப்படியே சாய்ந்து, மாப்பிள்ளையின் தங்கை தோளில் விழுந்தது. மணல்பையும் பிடிக்க ஓர் ஆளும் இல்லாமல் கடற்கரைக்கோ அணைக்கட்டுக்கோ ஃபிளாஷ் கொண்டுபோகாதீர்கள். தனி ஆள் என்றால் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் வெள்ளை ரிஃப்ளெக்டர் தட்டு போதும். வெள்ளிப் பக்கத்தைத் திருப்பினால் பெண் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும்.

நிழல்தேடி எழுதியது:

ஈசூன்காரன், அளவு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நானும் ஸ்பாட் மீட்டரில், அதாவது ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறையில், கன்னத்தை அளந்து இறக்கித்தான் எடுக்கிறேன். ஆனால் உங்கள் வழியில் இன்னொரு இழப்பு இருக்கிறது. ஃபிளாஷ் வந்ததும் படம் எடுக்கப்படுகிறவர் நின்றுவிடுகிறார். அடையாளம் போட்ட இடத்தில் நிற்கணும், முகத்தைத் திருப்பினால் வெளிச்சம் மாறிவிடும். இரண்டு எட்டு விலகி நின்றால்கூட மங்கிவிடும், தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. கீழ்த்தளத்து ஓரத்தில் பத்தடி நடந்து வந்தாலும் வெளிச்சம் அப்படியே இருக்கும். அவள் சிரிப்பாள், பின்னால் திரும்பி அம்மாவைப் பார்ப்பாள். அந்தப் படம் எனக்கு வேண்டும்.

ஈசூன்காரன் எழுதியது:

நடக்கும் படத்துக்கு நீங்கள் சொன்னதே சரி, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் அந்திக்கு என்ன செய்வீர்கள்? சூரியன் இங்கே ஏறக்குறைய நேராக இறங்கும், மணிக்கு 15 டிகிரி. பத்து டிகிரி உயரத்திலிருந்து மறைய நாற்பது நிமிஷம். மறைந்த பிறகு இருபது நிமிஷத்தில் இருட்டு. மேகம் வந்தால் அதுவும் கிடையாது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம், ஐந்து மணிக்கு மழை, ஆறே முக்காலுக்கு விட்டது, ஏழேகாலுக்கு மண்டபத்தில் இருக்கணும். இப்படி ஒரு நாளில் ஃபிளாஷ்தான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு படம் கொடுத்தது. அன்று ஃபிளாஷ் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டினேன். இல்லாவிட்டால் பின்னால் வானம் பொன்னாகவும் முகம் பிணம் மாதிரி நீலமாகவும் இருந்திருக்கும்.

புதுலென்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரண்டு வழியையும் செய்து பார்த்தேன். நண்பனிடம் ஃபிளாஷும் சாஃப்ட்பாக்ஸும் இரவல் வாங்கினேன்.

நாலு மணிக்கு எங்கள் புளோக் கீழ்த்தளம். அக்கா சொன்ன இரண்டு அடியை முன்னும் பின்னும் நகர்ந்து கண்டுபிடித்தேன், கண்ணில் பட்டை வந்ததும் எனக்கே மேல் சிலிர்த்தது. ஆனால் ஒரு தூணின் பக்கத்தில் கன்னம் லேசாகப் பச்சையாகிவிட்டது. அந்தத் தூணுக்குப் பச்சை பெயின்ட், ஐயா சொன்னது மரத்துக்கு மட்டுமில்லை. ஐந்தரைக்கு அதே வண்ண வீடு, சூரியன் முதுகுப் பக்கம், என்டி ஃபில்டர், ஃபிளாஷ் ஒரு ஸ்டாப் குறைவு. தம்பி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டான். முதல் பத்துப் படம் வீண். அப்புறம் பிடிபட்டது: ஷட்டரை மாற்றினால் பின்னால் இருக்கும் வீடு மட்டும் மங்குகிறது, முகம் அப்படியே நிற்கிறது.

அம்மாவிடம் இரண்டையும் காட்டினேன். வண்ண வீட்டுப் படத்தைக் கூடத்தில் மாட்டலாம் என்றார். கீழ்த்தளத்துப் படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார்.

ஈசூன்காரன் எழுதியது:

வண்ண வீட்டுப் படத்தை இங்கே போடுங்கள் தம்பி. ஃபிளாஷை இன்னும் அரை ஸ்டாப் இறக்கலாமா என்று பார்க்கணும்.

நிழல்தேடி எழுதியது:

அதற்கு முன் கீழ்த்தளத்துப் படத்தைப் போடுங்கள். அம்மா தனக்கென்று கேட்டது அதைத்தான்.